காணாமல் போன முப்பத்திரண்டு வோல்ட்

இலங்கை மலைநாட்டின் உச்சியில், பட்டிப்பொலையில் தயாராகும் குளிர் காலை ரயிலில் ஏறி, நானுஓயாவில் இறங்கும். அங்கிருந்து பஸ் பிடித்து நேராகக் கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வரும். நடுவில் எங்கும் இறங்காது. டிக்கெட்டும் எடுக்காது. தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் கீழ் லயத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஒருமுறை அந்த லயத்து அக்கா ஒருத்தி கோப்பையில் சுடச்சுடத் தேநீர் ஊற்றிவிட்டு, சீனி எடுக்கத் திரும்பினாள். மறுபடி பார்த்தால், தேநீர் அவளுடைய கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. அவ்வளவு குளிர்.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான், தை மாதம் பார்த்து, இருபத்தைந்து கோழிக்குஞ்சுகள் வந்து இறங்கின.

பிறந்து இரண்டே நாளான குஞ்சுகள். பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தன. மகளிர் சங்கம் அவற்றைத் தெரேசா அத்தைக்குக் கொடுத்திருந்தது.

தெரேசா அத்தை கீழ் லயத்தில் பூரணி வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறார். பூரணிக்கு வயது பத்து. தெரேசா அத்தையின் மகள் அனோஜாவுக்கும் பத்து. இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே வாங்குப் பலகை, மழை வந்தால் ஒரே குடை.

தெரேசா அத்தை மலையில் கொழுந்து பறித்தவர். போன ஐப்பசி மழையில் சறுக்கி விழுந்து, முழங்காலை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில், "இனிமே மலை ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். மலை ஏறாமல் போகக்கூடிய இடம் கீழ் லயத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது பஸ் நிற்கிற இடம்.

அந்த பஸ் கொழும்புக்குப் போகும். கொழும்பில் தெரேசா அத்தையின் அக்கா யூஜினா ஒரு வீட்டில் சமையல் செய்கிறார்.

"நீயும் வந்துடு தெரேசா. பக்கத்து வீட்டுல ஆள் தேடுறாங்க. புள்ளைய மஸ்கெலியாவுல சித்தி வீட்டுல விட்டுடு" என்று அவர் போனில் சொல்லியிருந்தார். "ஞாயித்துக்கெழம நான் கூப்புடுவேன். அன்னைக்கு முடிவா ஒரு பதில் சொல்லிடு."

தெரேசா அத்தை குஞ்சுகளைப் பார்த்தபடி பூரணியின் அம்மாவிடம் சொன்னார். "இதுங்க பொழச்சு வளந்துட்டா, முட்டை வித்துக்கிட்டு இங்கேயே இருந்துடுவேன் நாகலெட்சுமி. இல்லாட்டி போகத்தான் வேணும்."

அனோஜா அதைக் கேட்டாள். அவள் அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து, பள்ளிக்கூடம் போகும் வழியில் எந்த பஸ் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குஞ்சுகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கலாம். ஆனால் வீட்டில் தொரை இருந்தது.

தொரை ஒரு பூனை. யார் வந்தாலும் எழுந்திருக்காது. ஒரு வேலையும் செய்யாது. ஆனால் மற்றவர்கள் செய்கிற வேலையையெல்லாம் பக்கத்தில் இருந்து மேற்பார்வை பார்க்கும். அதனால் அந்தப் பெயர். குஞ்சுகள் வந்த அன்று பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, நாக்கால் மீசையை ஒரு தடவை துடைத்துக்கொண்டது. தெரேசா அத்தை உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கத்து விறகுக் கொட்டிலுக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

வீட்டு ஜன்னலிலிருந்து கொட்டிலுக்கு, பூரணியின் காலால் இருபது எட்டுத் தூரம். ஆனால் கொட்டிலுக்குக் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் பல்பு இல்லை. பல்பின் சூடு இல்லாவிட்டால், தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்கு இந்த ஊரில் ஒரு பொழுது தாங்காது.

அப்போதுதான் தலைவர் வீரய்யா தோளில் ஒரு பெரிய ஒயர்ச் சுருளோடு வந்து நின்றார்.

வீரய்யா மாரியம்மன் கோயில் கமிட்டியின் தலைவர். அவருக்கு மீசை பெரியது. மனசு அதைவிடப் பெரியது. குரல் இரண்டையும்விடப் பெரியது.

"இந்தா புடி தெரேசா, அம்மன் ஒயரு! திருவிழாவுக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு. அதுவரைக்கும் ஒன் குஞ்சுக்கு ஒதவட்டும்."

"கோயில் ஒயருங்களே... நாங்க வேதக்காரங்க, மாதா கோயில் ஆளுங்க" என்றார் தெரேசா அத்தை தயங்கியபடி.

"குஞ்சு என்ன வேதம்னு அம்மன் கேக்க மாட்டா. ஒன்னே ஒன்னுதான். ஒரு அங்குலங்கூட வெட்டக் கூடாது. அம்மன் ஒயர வெட்டுனா..."

வெட்டினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது. அதனால் மீசையைத் தடவி நிறுத்திக்கொண்டார்.

அது திருவிழாவுக்குக் கலர் பல்பு கட்டுகிற ஒயர். நூறு மீட்டர் நீளம். இடியப்பம் போல மெல்லிசு. முப்பத்தேழு இடத்தில் அறுந்து, முப்பத்தேழு இடத்தில் ஒட்டுப்போட்டது. இருபது எட்டு போக மிச்ச ஒயர் முழுவதையும் சுருட்டி, ஒரு பழைய கொழுந்துக் கூடைக்குள் அடக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

தலைவர் அன்று முழுக்க லயத்தில் நடந்தார். "கேட்டீங்களா? வேதக்காரப் புள்ளையோட குஞ்சு, நம்ம கோயில் ஒயருலதான் வளருது!" கேட்டவர்களிடமும் சொன்னார். கேட்காதவர்களிடம் இரண்டு தடவை சொன்னார்.

கொட்டிலில் பல்பு எரிந்தது. எரிகிறதா என்று தெரிந்துகொள்ள டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். நூறு வாட் குண்டு பல்பு, பழுத்த தக்காளி மாதிரி சிவந்துபோய்த் தொங்கியது. குஞ்சுகள் அதன் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கீச்கீச் என்று கத்திக்கொண்டே இருந்தன.

முதல் நாள் விடியும்போது ஒரு குஞ்சு எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு பல்பு போடு" என்றார் தலைவர்.

இரண்டாவது பல்பு போட்டார்கள். அதைப் பார்த்ததும் முதல் பல்பு கோபித்துக்கொண்ட மாதிரி முன்னைவிட மங்கியது. மூன்றாவது போட்டார்கள். இப்போது மூன்றும் சேர்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன. தேயிலைத் தொழிற்சாலையில் கரண்ட் வேலை பார்க்கும் பத்திநாதன் மாமாவைப் போனில் கேட்டபோது, அவர் அவசரத்தில், "பல்பு பழசா இருக்கும், மாத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மாற்றினார்கள். புதுப் பல்புகளும் பழையவற்றைப் போலவே மங்கின.

"இந்தக் குளிருல கரண்டே வெறச்சுப் போயி மெதுவா நடந்து வருது" என்றார் மேல் லயத்துக்காரர் ஒருவர். அதற்குப் பல பேர் தலையாட்டினார்கள்.

மூன்றாம் நாள் இன்னொரு குஞ்சு போயிற்று.

தெரேசா அத்தை போத்தல்களில் வெந்நீர் ஊற்றி, பழைய காலுறைக்குள் போட்டு, குஞ்சுகளுக்கு நடுவில் வைத்தார். ஆறினால் மறுபடி காய்ச்சினார். உடைந்து கூடிய காலோடு வீட்டுக்கும் கொட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். நாலாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தார்.

"அத்தை, நீங்க கொஞ்சம் படுங்க. தண்ணி கொதிச்சதும் நான் எழுப்புறேன்" என்றாள் பூரணி.

"படுத்தா எந்திரிக்க மாட்டேன் புள்ள" என்று அத்தை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு அக்கா கூப்புடும். வர்றேன்னு சொல்லிடப் போறேன்."

அனோஜா சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள்.

பூரணி கொட்டிலுக்குள் வந்து நின்றாள். பல்பைப் பார்த்தாள். குஞ்சுக் குவியலைப் பார்த்தாள். அடியில் இருந்த குஞ்சு மேலே வரத் துடித்தது. மேலே இருந்த குஞ்சு அடியில் போகத் துடித்தது.

"அத்தை, இந்தப் பல்ப ஒருக்கா வீட்டுல போட்டுப் பாப்பமா?" என்றாள், வெந்நீர்ப் போத்தலோடு உள்ளே வந்த தெரேசா அத்தையிடம்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

தெரேசா அத்தை சுவிட்சை நிறுத்தி, ஒரு பல்பைக் கழற்றி, வீட்டுக்குள் இருந்த விளக்கில் மாட்டிப் போட்டார்.

பளீர்! மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆமாம், மூன்று பேர்தான். வெளியே போன அனோஜாவும் எப்போதோ திரும்பி வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

அதே பல்பைத் திரும்பக் கொட்டிலில் மாட்டினார்கள். மறுபடியும் தக்காளி.

பூரணி தலையைச் சொறிந்தாள். பல்பு நல்ல பல்பு. வீட்டில் கரண்டும் நல்ல கரண்ட். அப்படியானால் நடுவில்தான் ஏதோ நடக்கிறது.

முந்தின நாள் சாயங்காலம் அவளுடைய அம்மா மடுவத்திலிருந்து புலம்பிக்கொண்டே வந்தது ஞாபகம் வந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்துக்குத்தான் மடுவம் என்று பெயர். "மலையில பறிச்சது பதினெட்டுக் கிலோ. ஈரத்துக்குக் கழிவு, கூடைக்குக் கழிவுன்னு புடிச்சு, பதினாறுதான் போயிச் சேருது!"

"அனோஜா, இந்தக் கரண்டுலயும் வழியில யாரோ கழிவு புடிக்கிறாங்கடி" என்றாள் பூரணி.

"யாரு?"

"வா, பாப்பம்."

இருவரும் ஒயரைத் தொடாமல், அதன் கூடவே நடந்தார்கள். கொட்டில் கூரையிலிருந்து துணி காயப்போடும் கயிற்றுக் கம்பம். அங்கிருந்து ஜன்னல். ஜன்னலிலிருந்து கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் கொழுந்துக் கூடை. கூடைக்குள் ஒயர்ச் சுருள். சுருளின் மேல், நாலு காலையும் நீட்டி, வயிற்றைக் காட்டிக்கொண்டு, தொரை.

உலகத்திலேயே சந்தோஷமான பூனை அதுதான் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"இது எப்பலேருந்து இங்க படுக்குது?" என்றாள் பூரணி.

"குஞ்சு வந்த அன்னையிலேருந்து. முந்தியெல்லாம் அடுப்படிய விட்டு நகராது. கரிச்சட்டிய கவுத்துப் போட்டாலும் அங்கதான் கெடக்கும்."

"இந்தக் குளிருல அடுப்ப விட்டுட்டு ஒரு பூனை வேற எடத்துக்குப் போகுதுன்னா..."

பூரணி சொல்லி முடிக்கவில்லை. ஒயரைத் தொடக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் கூடையின் வெளிப்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். இப்போதுதான் கல்லிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி இருந்தது.

"அத்தை! குஞ்சுக்குப் போக வேண்டிய சூட்டை எல்லாம் ஒயரு இங்கேயே தின்னுடுது! மிச்சம் மீதியத்தான் கொட்டிலுக்கு அனுப்புது!"

தெரேசா அத்தையும் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. பூரணி அதற்குள் பறந்துவிட்டாள்.

பத்திநாதன் மாமா ஏழாம் காம்பராவில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பல்ப மாத்தச் சொன்னேனே புள்ள" என்றார் தலையைத் தூக்காமல்.

"மாத்தியாச்சு மாமா. இப்ப ஒயரு இருக்கிற கூடை சுடுது."

ரொட்டி பாதி வழியில் நின்றது. "என்னது, சுடுதா?"

அடுத்த நிமிடம் அவர் ஒரு கையில் மீட்டரும் மறு கையில் ரொட்டியுமாக ஓடினார். லயத்து ஆட்கள் அவர் ஓடிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னவென்று பார்க்க நாலைந்து பேர் பின்னாலேயே வந்தார்கள்.

அவர் முதலில் வீட்டுப் பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்தார். "இருநூத்தி இருவத்தெட்டு." பிறகு கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தார். "நூத்தித் தொண்ணூத்தாறு." உடனே சுவிட்சை நிறுத்தச் சொன்னார். தெரேசா அத்தை வெந்நீர்ப் போத்தல்களோடு கொட்டிலுக்குப் போனார்.

"இருநூத்தி இருவத்தெட்டு பொறப்பட்டு, நூத்தித் தொண்ணூத்தாறுதான் போய்ச் சேருது" என்றார் பத்திநாதன் மாமா. "முப்பத்திரண்டு வோல்ட்டக் காணோம்."

எல்லோரும் தொரையைப் பார்த்தார்கள். தொரை கூரையைப் பார்த்தது.

"ஒயரு நீளமா இருந்தா வழியில அழுத்தம் கொறையும். மெல்லிசா இருந்தா இன்னுங் கொறையும். வோல்டேஜ் டிராப்புன்னு சொல்லுவாங்க. அந்தக் கொறஞ்சதெல்லாம்தான் ஒயருக்குள்ள சூடாப் போயிருக்கு."

"அப்ப பல்ப கூட்டக் கூட்ட மங்குனது?" என்று கேட்ட பூரணி, தானே யோசித்துச் சொன்னாள். "கூடக் கொழுந்து கொண்டு போனா கழிவும் கூடப் புடிக்கிற மாதிரியா?"

"அதேதான்."

"ஆனா கொட்டில் பக்கத்துலதானே இருக்கு? இருவது எட்டுதானே?" என்றாள் அனோஜா.

பூரணி கூடையைப் பார்த்தாள். பிறகு கையால் காற்றில் வட்டம் போட்டாள். ஒரு வட்டம், இரண்டு, மூன்று...

"இல்லடி. நமக்குத்தான் இருவது எட்டு. கரண்டு இந்தக் கூடைக்குள்ள சுத்து சுத்துன்னு சுத்தி, நூறு மீட்டரையும் நடந்து முடிச்சிட்டுத்தான் கொட்டிலுக்குப் போகுது!"

பத்திநாதன் மாமா வாயைத் திறந்தார். சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்து, அதற்குள் ரொட்டியைப் போட்டுக்கொண்டார். மென்று முடித்துவிட்டு, "சுருட்டி வச்சதால சூடு வெளிய போகவும் வழியில்ல. இன்னுங் கொஞ்ச நாள் விட்டிருந்தா பத்திக்கிட்டிருக்கும்" என்றார். "வெட்டிடுவோம். இருவது எட்டு மட்டும் வச்சுக்கிட்டு..."

"ஐயோ, வேணாங்க!" என்றார் கொட்டிலிலிருந்து திரும்பிய தெரேசா அத்தை. "தலைவரு மனசு நொந்துடும். நான் கேக்காமலே ஓடியாந்து குடுத்த மனுசன். அவருகிட்ட போயி, ஒங்க ஒயரு சரியில்லன்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? குஞ்சு செத்தாலும் பரவாயில்ல, இதச் சொல்ல வேணாம்."

அந்த நேரம் பார்த்து, வாசலில் ஒரு மீசை தெரிந்தது.

"என்ன கூட்டம்? அம்மன் ஒயரு எப்புடி வேல செய்யிது?"

பத்திநாதன் மாமா மீட்டரைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தை ஆராய்ந்தார். கூட வந்தவர்களில் இரண்டு பேருக்கு அடுப்பில் சோறு வைத்தது திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது.

பூரணி முன்னால் வந்தாள்.

"தலைவர் மாமா, கூடையத் தொட்டுப் பாருங்களேன்."

தலைவர் குனிந்து தொட்டார். கையை இழுத்துக்கொண்டார். மறுபடி தொட்டார்.

"காச்சக்காரன் நெத்தி மாதிரி இருக்கே!"

"ஆமாங்க மாமா. திருவிழாவுல இந்த ஒயரு எப்புடி இருக்கும்?"

"எப்புடி இருக்குமா? லயத்துலேருந்து கோயில் வரைக்கும் சும்மா ஜம்முனு நீண்டு நிக்கும்! அழகே தனி!"

"காத்தாட நிக்கும். சின்னச் சின்னக் கலர் பல்பத்தானே தூக்கும்?"

"ஆமா."

"இங்க அத சுருட்டி, கூடைக்குள்ள அமுக்கி, மூணு குண்டுப் பல்பத் தூக்கச் சொல்லிட்டோம் மாமா. ஒரு நிமிசம் கூட ஒக்காராமத் தூக்குது. அதான் ஒடம்பு கொதிக்குது. அது நல்ல ஒயருதான். வேலதான் அதோட வேல இல்ல. அது பாவம் இல்லையா?"

தெரேசா அத்தை தன் முழங்காலை மெல்லத் தடவிக்கொண்டார்.

தலைவர் கூடையைப் பார்த்தார். மீசையின் இரண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கின. பிறகு ஒரு பக்கம் ஏறியது. பிறகு மறுபக்கமும் ஏறியது.

"ஏன்டா பத்திநாதா!" என்று ஒரு சத்தம் போட்டார். கூரையில் இருந்த பல்லி இடம் மாறியது. "அம்மன் ஒயரு நாலு நாளாக் காச்சலோட கெடக்குது. இந்தச் சின்னப் புள்ளைக்குத் தெரியிது, ஒனக்குத் தெரியலையா? கழட்டுடா! கோயிலுக்குக் கொண்டு போறேன். திருவிழா வரைக்கும் அதுக்குப் பூரண ஓய்வு!"

"சரிங்க தலைவரே. அப்ப குஞ்சுக்கு?"

"குஞ்சுக்கு வேற ஒயரு! தடியா, கட்டையா, குண்டு பல்பத் தூக்குற ஒயரு! ஒன் வீட்டுல அட்டாளியில ஒன்னு கெடக்குதே, நான் பாக்கலைன்னு நெனச்சியா?"

பத்திநாதன் மாமாவின் வீட்டு அட்டாளிப் பரணில், பின்னால் ஒரு சமையலறை கட்டும்போது போடலாம் என்று வாங்கி வைத்த தடி ஒயர் கிடந்தது. சமையலறை ஆறு வருடமாகக் கட்டப்படாமல் இருந்தது. அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு அனோஜாவின் முகத்தைப் பார்த்தார். போய் எடுத்து வந்தார்.

இருபது எட்டுக்குச் சரியாக இருந்தது. ஒட்டு ஒன்றுகூட இல்லை. பத்திநாதன் மாமா மாட்ட, தலைவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மாட்டி முடித்ததும் தலைவர் அதற்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். தெரேசா அத்தை பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. போத்தல்களில் வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் மறுபடியும் குவியலாகி இருந்தன.

"போடு" என்றார் தலைவர்.

தெரேசா அத்தை சுவிட்சைப் போட்டார்.

கொட்டிலில் பல்புகள் எரிந்த எரிப்பில், மேல் லயத்துச் சேவல் ஒன்று விடிந்துவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை கூவியது. ஒரு கிழவர் எழுந்து பல் விளக்கிவிட்டார் என்றும் சொல்கிறார்கள்.

பத்திநாதன் மாமா மீட்டரை வைத்துப் பார்த்தார். "இருநூத்தி இருவத்தேழு! ஒன்னே ஒன்னுதான் காணோம்."

யாருக்கும் அந்த எண் காதில் விழவில்லை. எல்லோரும் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் மேலே இருந்த குஞ்சு ஒன்று குவியலை விட்டு இறங்கியது. பிறகு இன்னொன்று. அடியில் கிடந்தது எழுந்து உடம்பை உதறியது. ஒன்று தண்ணீர் குடிக்கப் போனது. ஒன்று தீனித் தட்டில் ஏறி நின்று மற்றவற்றை விரட்டியது. கொஞ்ச நேரத்தில் குவியலே இல்லை. குஞ்சுகள் தரை முழுக்கப் பரவி, ஆளுக்கு ஓரிடத்தில் படுத்துக்கொண்டன. நாலு நாளாக ஓயாத கீச்கீச் சத்தம் நின்றுவிட்டது.

இன்னும் கொஞ்ச நேரம் போனதும் அவை வாயைப் பிளந்துகொண்டு பல்பை விட்டு விலகி ஓடின.

"இப்ப சூடு கூடிப் போச்சு அத்தை! ஒரு பல்ப நிறுத்துங்க!" என்றாள் பூரணி.

கல்லுமலைத் தோட்டம் உண்டான நாளிலிருந்து, சூடு கூடிப்போய்விட்டது என்று ஒருவர் சொன்னது அன்றுதான். தெரேசா அத்தை ஒரு பல்பை நிறுத்தினார். குஞ்சுகள் திரும்பி வந்து படுத்தன.

அன்றிரவு வெந்நீர் வைக்கத் தேவைப்படவில்லை. தெரேசா அத்தை படுத்தவர், படுத்தவர்தான். காலையில் கோயில் மணிக்கும் எழும்பவில்லை, தேவாலய மணிக்கும் எழும்பவில்லை. பத்து மணிக்குப் போன் மணிக்குத்தான் எழும்பினார்.

அப்போது பூரணியும் அனோஜாவும் கொட்டிலில் தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை போனைக் காதில் வைத்தபடி அங்கேயே வந்து நின்றார். அனோஜாவின் கை தீனித் தட்டிலேயே நின்றுவிட்டது.

"என்ன தெரேசா, முடிவு பண்ணிட்டியா?" யூஜினாவின் குரல் வெளியே கேட்டது. "நாளைக்குக் காலையில பஸ் ஏறுறியா?"

தெரேசா அத்தை கொட்டிலைப் பார்த்தார். ஒரு குஞ்சு அவருடைய செருப்பைக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வரலக்கா" என்றார். "இங்க இருவத்தி மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எப்புடி வர்றது?"

"இருவத்தி நாலும்மா" என்றாள் அனோஜா. "என்னைய விட்டுட்டீங்க."

தெரேசா அத்தை போனைக் கையால் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

"மன்னிச்சுக்க அக்கா, தப்பாச் சொல்லிட்டேன். இருவத்தி நாலு."